3 வயசுப் பொண்ணுக்கு அம்மை போட்டிருக்கு. வீட்டுல 7 மாசக் கைக்குழந்தையும் இருக்கான். என்ன செய்யணும்?

பாலக்கோடு அம்மா | செவ்வாய், பிப்ரவரி 10, காலை

வணக்கம். பெரியவளுக்கு 3 வயசு, 12 கிலோ. நேத்து காலையில குளிப்பாட்டும்போது முதுகுல நாலு, வயித்துல மூணு சிவப்புப் புள்ளி இருந்துச்சு. கொசுக்கடின்னு நினைச்சேன். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு புள்ளியில தண்ணி கோத்துக்கிச்சு. இன்னைக்குத் தலைமுடிக்குள்ள, காதுக்குப் பின்னாடி எல்லாம் வந்திருக்கு. காய்ச்சல் 101. அரிப்பு தாங்காம அழறா.

வீட்டுல இருக்கிறவங்க: 7 மாசத் தம்பி (தாய்ப்பால்தான், கூடவே கொஞ்சம் கேழ்வரகுக் கஞ்சி), வீட்டுக்காரர் (34 வயசு, அம்மை வந்த ஞாபகம் இல்ல), மாமியார் (61, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறாங்க). எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு. காவேரிப்பட்டணத்துல இருக்கிற நாத்தனார் 5 மாசம் முழுகாம இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து நாள் பூரா இவளை மடியில வச்சிருந்துட்டுப் போனாங்க. அதை நினைச்சாத்தான் வயிறு கலங்குது.

அரசு ஊசி எல்லாம் தவறாம போட்டிருக்கோம். அம்மைக்கும் அதுலயே சேர்த்திதானே? மாமியார் வாசல்ல வேப்பிலை சொருகிட்டாங்க. மருந்து குடுத்தா முத்து உள்ளுக்குள்ள போயிடும், தண்ணி ஊத்துற வரைக்கும் உடம்புல தண்ணியே படக்கூடாதுன்னு சொல்றாங்க. அவங்க மனசும் நோகக்கூடாது, பிள்ளையும் கஷ்டப்படக்கூடாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

அரூர் செவிலியர்

முதல்ல இது சின்னம்மைதானான்னு பார்த்துக்கலாம். நெஞ்சு, வயிறு, முதுகுல ஆரம்பிச்சு தலைமுடிக்குள்ள போகும். ஒரே இடத்துல ஒரே நேரத்துல புதுச் சிவப்புப் புள்ளி, தண்ணி கோத்த முத்து, காய்ஞ்ச பொருக்கு மூணும் சேர்ந்து இருக்கும். நீங்க சொல்ற கணக்கு அதுக்குச் சரியா வருது. தட்டம்மைன்னா தண்ணி கோக்காது. சளி, இருமல், கண் சிவப்போட 3, 4 நாள் காய்ச்சல் அடிச்ச பிறகுதான் முகத்துலேர்ந்து கீழே தடிப்பு இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால், வாய், புட்டம்னு மட்டும் கொப்புளம் இருந்தா அது கை கால் வாய் நோய். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிக்குங்க. போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போங்க. மத்த குழந்தைங்க உட்கார்ற வரிசையில இவளை உட்கார வைக்காம வெளியிலேயே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்க. இது காத்துலயே பரவும்.

மருந்து குடுத்தா முத்து உள்ள போகாது. பாராசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் குறைக்கிற மருந்து. அது முத்தை அமுக்கவும் செய்யாது, கூட்டவும் செய்யாது. புது முத்து 3லேர்ந்து 5 நாள் வரைக்கும் அலை அலையா வரும். நீங்க மருந்து குடுத்தாலும் குடுக்காட்டியும் அது அப்படித்தான். குடுக்காம விட்டா பிள்ளை சோர்ந்து படுத்துடும், தண்ணி குடிக்காது. கஷ்டம் அங்கதான் ஆரம்பிக்குது.

அளவு: ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180. பாட்டில்ல "5 மில்லியில் 125 மி.கி." போட்டிருந்தா 5 முதல் 7 மில்லி. "5 மில்லியில் 250 மி.கி." போட்டிருந்தா 2.5 முதல் 3.5 மில்லிதான். ரெண்டு பாட்டிலும் ஒரே நிறத்துல, ஒரே வாசனையில இருக்கும். பழைய பாட்டில் தீர்ந்து புதுசு வாங்கும்போது அதே 6 மில்லியை ஊத்திடறதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு, மருந்து ரெண்டு பங்கா போயிடும். பாட்டிலோட வர்ற மூடி இல்லேன்னா மருந்துக் கடையில ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி அளந்து குடுங்க, சமையல்கட்டுக் கரண்டி வேண்டாம். 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல கூடாது. காய்ச்சல் இல்லாம நல்லா விளையாடினா குடுக்கவே தேவையில்ல.

குளிப்பாட்டலாம். குளிப்பாட்டணும். வியர்வையும் அழுக்கும் சேர்ந்த தோல்ல நகம் பட்டா முத்து சீழ் பிடிக்கும். தழும்பு நிக்கிறது பெரும்பாலும் சொறிஞ்சு சீழ் வெச்ச முத்துதான். வெதுவெதுப்பான தண்ணியில, தேய்க்காம, ஊத்தி மட்டும் விடுங்க. பழைய வேட்டித் துணியால ஒத்தி எடுங்க. துண்டு வேண்டாம், அதோட நூல் முடிச்சு பொருக்கைப் பிச்சுடும்.

நகம்: தூங்கும்போது வெட்டுங்க. நேரா வெட்டிட்டு விட்டா ரெண்டு ஓரமும் கூரா நிக்கும், அதுதான் கீறும். நகவெட்டியில இருக்கிற அரத்தால ஓரத்தை உருட்டி விட்டு, உங்க கன்னத்துல தேய்ச்சுப் பாருங்க. உறுத்தலேன்னா சரி. ராத்திரி கைக்குப் பழைய காட்டன் சாக்ஸ்.

கேலமைன் லோஷனை நல்லா குலுக்கிட்டு, பஞ்சுல தொட்டு முத்து மேல மட்டும் ஒத்துங்க, ஒரு நாளைக்கு 3, 4 தடவை. கண்ணு ஓரம், வாய்க்குள்ள வேண்டாம். காய்ஞ்சு பொருக்காகி இருக்கிறது மேலயே திரும்பப் பூசினா அது இழுத்துப் பிடிச்சு இன்னும் அரிக்கும். பழசைத் தண்ணியில கழுவிட்டுப் புதுசு பூசுங்க. ராத்திரி அரிப்புக்கு சிரப் வேணும்னா எடைக்குத் தகுந்த மாதிரி டாக்டர் எழுதித் தரணும்.

---

ஊத்தங்கரை மருந்துக் கடை

செவிலியர் அம்மா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். கடையில போய் "காய்ச்சலுக்கு சிரப்" ன்னு மட்டும் கேட்காதீங்க. பாராசிட்டமாலோட இபுப்ரோஃபென் கலந்த சிரப்பும், மெஃபினமிக் ஆசிட் கலந்த சிரப்பும் நிறைய விக்குது. அட்டைப்பெட்டியில பெரிய எழுத்துல பேர் இருக்கும், உள்ள என்ன கலந்திருக்குன்னு சின்ன எழுத்துல இருக்கும். அதைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. சின்னம்மை நேரத்துல இபுப்ரோஃபென் வேண்டாம். தோல்ல கிருமி ஆழமா இறங்குறதோட அதுக்குத் தொடர்பு பார்த்திருக்காங்க. ஆஸ்பிரின் கூடவே கூடாது. பெட்டிக்கடையில சில்லறையா குடுக்கிற தலைவலி மாத்திரையில பலதுல அது இருக்கு. சின்னம்மை இருக்கிற குழந்தைக்கு ஆஸ்பிரின் குடுத்தா ஈரலும் மூளையும் பாதிக்கிற ரை நோய் வரலாம், உயிருக்கே ஆபத்து. நிமெசுலைடுங்கிற காய்ச்சல் மருந்து 12 வயசுக்குக் கீழ நம்ம நாட்டுல தடை.

அரிப்புக்குன்னு ஸ்டீராய்டு கிரீம் (பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்) கேட்டு வாங்கித் தடவுறாங்க. தடவாதீங்க. கேலமைனோட டைஃபென்ஹைட்ரமின்ங்கிற அரிப்பு மருந்து கலந்த லோஷனும் உடம்பு பூரா பூச ஆகாது, தோல் வழியா உள்ள இறங்கிக் குழந்தைக்கு மயக்கம் தரும். வெறும் கேலமைன் போதும்.

சின்னம்மைக் கிருமியை எதிர்க்கிற அசைக்ளோவிர் மருந்து பத்தி எல்லாரும் கேட்பாங்க. 12 வயசுக்குக் கீழ, வேற நோய் இல்லாத குழந்தைக்குப் பொதுவா அவசியம் இல்ல. குடுக்கிறதா இருந்தா முதல் புள்ளி தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பெரிய பலன். உங்க பொண்ணுக்கு அந்த நேரம் தாண்டிட்டு இருக்கு. அந்த மருந்தை மனசுல வச்சுக்க வேண்டியது அடுத்து வீட்டுல யாருக்கு வருதோ அவங்களுக்காக.

---

கிருஷ்ணகிரி தடுப்பூசி

பொண்ணு 10 நாள்ல விளையாட ஆரம்பிச்சுடுவா. உங்க வீட்டுல இந்த வாரம் பார்க்க வேண்டியவங்க மத்த நாலு பேர். அதுக்கு நேரம் ரொம்பக் குறைவா இருக்கு, அதனால வரிசையா எழுதறேன்.

முத்து தெரியறதுக்கு 2 நாள் முன்னாடியிலிருந்தே பரவும். உங்க கணக்குல பிப்ரவரி 7, சனிக்கிழமை. கடைசி முத்து பொருக்காகிற வரைக்கும் பரவும், அது ஏறக்குறைய 15, 16 தேதி ஆகும். வீட்டுக்குள்ள, இதுக்கு முன்னாடி வராதவங்க 10 பேர் இருந்தா 9 பேருக்குப் பிடிச்சுக்கும். இன்னொருத்தர் உடம்புல வெளிப்பட 10 முதல் 21 நாள், பெரும்பாலும் 14, 16 நாள். அப்படிப் பார்த்தா உங்க வீட்டுல அடுத்த முத்து பிப்ரவரி 21லிருந்து 25க்குள்ள வரத்தான் வாய்ப்பு அதிகம். காலண்டர்ல 17லிருந்து மார்ச் 8 வரைக்கும் கோடு போட்டு வச்சுக்குங்க. அந்த நாட்கள்ல கல்யாணம், கெடா வெட்டுன்னு கூட்டத்துக்குத் தம்பியைத் தூக்கிட்டுப் போக வேண்டாம்.

நாத்தனார்: இன்னைக்கே ஃபோன் பண்ணுங்க. பயமுறுத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அவங்க அம்மாகிட்ட, அதாவது உங்க மாமியார்கிட்டயே, இவங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா, எந்த வயசுலன்னு கேளுங்க. நிச்சயமா வந்திருந்தா கவலை இல்ல. தெரியலேன்னா எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு பார்க்கிற சின்னம்மை ஐஜிஜி ரத்தப் பரிசோதனை எடுக்கணும். நினைவு இல்லாட்டியும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறவங்க நிறைய. இல்லேன்னு வந்தா எதிர்ப்புப் புரத ஊசி உண்டு. குழந்தையைத் தொட்ட நாளிலிருந்து 10 நாளைக்குள்ள போடலாம், 96 மணி நேரத்துக்குள்ள போட்டா நல்லது. அவங்க ஞாயித்துக்கிழமை வந்தாங்க, அதனால வியாழன் வரைக்கும் நல்ல நேரம். இந்த ஊசி எல்லா ஊர்லயும் கையிருப்பு இருக்காது, பிரசவ டாக்டர் சொல்லித்தான் வரவழைக்கணும். கர்ப்பத்துல தடுப்பூசி போடக்கூடாது, அதுல இருக்கிறது உயிருள்ள கிருமி. ஒருவேளை புள்ளி வந்துட்டா அன்னைக்கே டாக்டர். "அம்மா வந்திருக்கா, மருந்து வேண்டாம்" ன்னு அவங்க வீட்டுல யாராவது சொன்னா விடாதீங்க. கர்ப்பிணிக்குச் சின்னம்மை நுரையீரல்ல இறங்கினா மூச்சுக்கே ஆபத்து.

வீட்டுக்காரர்: பெரியவங்களுக்கு வர்ற சின்னம்மை குழந்தைக்கு வர்றதை விடக் கடுமை. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தா நிமோனியா பயம் கூடுதல். முதல் தொடர்பு நாளிலிருந்து 3 நாளைக்குள்ள, கடைசியா 5 நாளைக்குள்ள தடுப்பூசி போட்டா வராமலே போகலாம், வந்தாலும் லேசா போகும். 7 தேதியிலிருந்து எண்ணினா இன்னைக்கு மூணாம் நாள், வியாழன் அஞ்சாம் நாள். குழந்தை மருத்துவருங்க கிளினிக்ல கேளுங்க. ஃபிரிட்ஜ்ல இருக்கான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. சின்ன ஊர்ல வரவழைச்சுத் தர்றேன்னு சொல்லி ரெண்டு நாள் போயிடும், தர்மபுரியிலோ ஓசூர்லயோ இருந்தா அங்கேயே போயிடலாம். முன்னாடி வந்து மறந்திருந்தாலும் ஊசியால கெடுதல் இல்ல. ரெண்டாவது டோஸ் 4 வாரத்துக்குப் பிறகு. புள்ளி வந்துட்டா முதல் நாளே அசைக்ளோவிர். பெரியவங்களுக்கு 800 மி.கி. ஒரு நாளைக்கு 5 தடவை, 7 நாள், டாக்டர் சீட்டோட. நிறைய தண்ணி குடிக்கணும், சிறுநீரகத்துல பிரச்சனை இருக்கிறவங்களுக்கு அளவு மாறும்.

மாமியார்: கையில பெரியம்மை ஊசித் தழும்பு இருந்தா "எனக்கு வராது" ம்பாங்க. அது பெரியம்மைக்குப் போட்டது. பெரியம்மை நம்ம நாட்டுல 1975ஓட முடிஞ்சு போச்சு, சின்னம்மை வேற கிருமி. அந்தத் தழும்பு இதைத் தடுக்காது. அவங்களுக்கு முன்னாடியே வரலேன்னா தடுப்பூசி பத்தி அவங்களுக்கும் டாக்டர்கிட்ட கேளுங்க. அதை விட முக்கியம், அம்மை வீட்டுல மருந்து ஆகாதுன்னு சர்க்கரை மாத்திரையை நிறுத்திடுவாங்க. நிறுத்த விடாதீங்க. பிள்ளைக்கு வாங்குற இளநீர், வாழைப்பழத்தை அவங்களும் சேர்ந்து சாப்பிட்டா சர்க்கரை ஏறி நிக்கும்.

தம்பி: தாய்ப்பால் நிறுத்தாதீங்க. உங்களுக்கு வந்து போனதால பிறக்கும்போது உங்ககிட்டயிருந்து கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி வாங்கியிருப்பான், 7 மாசத்துல அது குறைஞ்சிருக்கும். தனி அறை இருந்தா தனியாப் படுக்க வைங்க, ஜன்னலைத் திறந்து விடுங்க. ஒரே அறைன்னா அதுக்காக ராத்திரி பூரா மனசைப் போட்டு வதைக்காதீங்க, சனிக்கிழமையிலிருந்தே அவன் அந்தக் காத்தைத்தான் சுவாசிச்சிட்டு இருக்கான். தினம் ஒரு தடவை துணி இல்லாம வெளிச்சத்துல வச்சு உடம்பு பூரா பாருங்க. முதல் புள்ளி தெரிஞ்ச அன்னைக்கே டாக்டர். வீட்டுல ரெண்டாவதா வர்றவங்களுக்கு முத்து அதிகமா போடும்.

கடைசியா உங்க கேள்வி: அரசு ஊசி அட்டவணையில சின்னம்மை கிடையாது. அதுல இருக்கிறது தட்டம்மையும் ரூபெல்லாவும். சின்னம்மை ஊசி காசு குடுத்துத்தான் போடணும். தம்பிக்கு இந்தத் தடவை வராம தப்பிச்சா 15 மாசத்துல போட்டுடுங்க. பொண்ணுக்கு இனி தேவையில்ல.

---

பாலக்கோடு அம்மா | புதன், பிப்ரவரி 11

எல்லாருக்கும் கோடி நன்றி. நாத்தனார் இன்னைக்கு ரத்தம் குடுத்துட்டாங்க. வீட்டுக்காரர் தர்மபுரியில ஊசி போட்டுட்டு வந்துட்டார். இப்ப பாப்பாவுக்கு வாய்க்குள்ள அஞ்சாறு புண். கூழ் குடிக்க மாட்டேங்கிறா, மோர் வாயில வச்சதும் கத்தறா. ஒண்ணுக்கு வந்தா காலை இறுக்கிக்கிட்டு அடக்கறா. மாமியார் வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசணும்ங்கிறாங்க. பக்கத்து வீட்டுப் பாட்டி வேப்பெண்ணெய் சங்குல ஊத்தலாம்னு சொன்னாங்க.

---

அரூர் செவிலியர்

வேப்பெண்ணெய் வாய்க்குள்ள ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம் வந்து ஈரல், மூளை வரைக்கும் பாதிச்சிருக்கு. ஆஸ்பிரினுக்கு மேல சொன்ன அதே மாதிரியான கெடுதல். பாட்டிகிட்ட மரியாதையா, உறுதியா மறுத்துடுங்க. தம்பிக்கும் கூடாது.

வேப்பிலைக் கொத்தைப் படுக்கையில போடுறது, அரிக்கிற இடத்துல அதால வருடி விடுறது, வாசல்ல சொருகுறது இதெல்லாம் தாராளமா செய்யட்டும். வாசல் வேப்பிலையைப் பார்த்து விருந்தாளி உள்ள வராம திரும்பிப் போறாங்களே, அது எத்தனையோ வீட்டைக் காப்பாத்தியிருக்கு. அரைச்ச விழுதை மட்டும் உடைஞ்ச முத்து மேல பூச வேண்டாம். அம்மிக்கல் அழுக்கும் உள்ள போகும், மஞ்சள் நிறத்துக்கு அடியில தோல் சிவந்து சூடேறுறதும் கண்ணுக்குத் தெரியாது.

வாய்ப் புண்ணுக்குக் காரம், புளிப்பு, உப்பு மூணும் எரியும். அதான் மோருக்குக் கத்தறா. கேழ்வரகுக் கூழை மோர் ஊத்தாம, உப்பு போடாம, தண்ணியா ஆத்தி, ஆறின பால் கொஞ்சம் கலந்து குடுங்க. நல்லா ஆறியிருக்கணும். இளநீர், குழைஞ்ச சாதம், நல்லா கனிஞ்ச வாழைப்பழம் குடுக்கலாம். நுங்கு கிடைக்கிற காலம்னா வழிச்சு மசிச்சுக் குடுங்க. பாராசிட்டமால் குடுத்து அரை மணி நேரம் கழிச்சு ஊட்டினா வலி குறைஞ்சு விழுங்குவா. டம்ளர்ல குடுத்தா வேண்டாம்பா. 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 ஸ்பூன்னு விட்டுக்கிட்டே இருங்க. சோர்வா இருந்தா ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு 1 லிட்டர் ஆறவச்ச தண்ணி, 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. பாதி பாக்கெட்டை டம்ளர்ல கலக்கிக் குடுக்காதீங்க, உப்பு ஏறிடும். அஞ்சாறு நாள் சாப்பாடு குறைஞ்சா ஒண்ணும் இல்ல, தண்ணி குறையக் கூடாது.

ஒண்ணுக்கு அடக்கினா, அந்த இடத்துல முத்து இருக்கும், எரியும். அகலமான பேசின்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, அதுல உட்கார வச்சு, தண்ணிக்குள்ளயே போகச் சொல்லுங்க. எரியாது. ஜட்டி போடாம, தொளதொளன்னு கவுன் மட்டும் விடுங்க.

எப்ப ஓடணும்: 8 மணி நேரமா ஒண்ணுக்குப் போகல, காய்ச்சல் 4 நாளுக்கு மேல நிக்குது, இல்ல விட்டுட்டுத் திரும்ப ஏறுது, ஒரு முத்தைச் சுத்தித் தோல் சிவந்து, சூடா, வீங்கி, தொட்டா அலறா, முத்துக்குள்ள ரத்தம், உடம்புல ஊதாத் திட்டு, கண்ணுல முத்து, மூச்சு வாங்குது, வாந்தி நிக்கல, எழுப்பினா எழுந்திருக்கல, கழுத்து விறைக்குது, வலிப்பு. இன்னொண்ணு பலரும் கவனிக்கிறதில்ல: ஒரு வாரம் கழிச்சு முத்தெல்லாம் காயுற நேரத்துல நடை தள்ளாடும், டம்ளரைப் பிடிக்கக் கை ஆடும். பலவீனம்னு விட்டுடாதீங்க, சிறுமூளையில தாக்கம். காட்டுங்க. இதுல எது வந்தாலும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108ல போயிடுங்க.

---

தொப்பூர் அத்தை

அஞ்சாம் நாள் தண்ணி ஊத்திட்டு ஆறாம் நாள் அங்கன்வாடிக்கு அனுப்பலாம் கண்ணு, எங்க பக்கம் அப்படித்தான் பழக்கம்.

---

அரூர் செவிலியர்

அத்தை, நாள் கணக்கு பார்க்காம முத்தைப் பார்த்து அனுப்பணும். தலைமுடிக்குள்ள, காது மடலுக்குப் பின்னாடி, அக்குள்ல விரல் விட்டுப் பார்த்து, தண்ணி நிக்கிற முத்து ஒண்ணுகூட இல்லாம எல்லாம் பொருக்கா இருந்தா அனுப்பலாம். பொருக்கு உதிர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. 5, 7 நாள் ஆகும்.

தண்ணி ஊத்துறதை மாமியார் கையாலேயே செய்யட்டும், மூணு தண்ணியும் அவங்க சொல்ற நாள்லயே ஊத்தட்டும். அதுக்கு நடுவுல நீங்க தினம் உடம்பை நனைச்சு ஒத்தி எடுக்கிறதுக்கு மட்டும் அவங்ககிட்ட சம்மதம் வாங்கிக்குங்க. வேப்பிலை போட்டு வெயில்ல வச்ச தண்ணி பித்தளை அண்டாவுல சுள்ளுன்னு சூடேறியிருக்கும், முழங்கையை விட்டுப் பார்த்துட்டு ஊத்துங்க. இந்த மாசம் காலையில குளிர் இருக்கும், 11 மணிக்கு மேல ஊத்துங்க. பொருக்கைத் தேய்ச்சு உரிக்கக் கூடாது, தானா விழணும். விழுந்த இடம் வெளுத்தோ கருத்தோ சில மாசம் தெரியும், பள்ளம் இல்லேன்னா மறைஞ்சுடும்.

வீட்டுல யாருக்காவது இடுப்புல, நெஞ்சுல ஒரு பக்கமா அக்கி வந்திருக்கான்னும் கேட்டுப் பாருங்க. அக்கியும் இதே கிருமிதான். காவி எழுதி வச்சுட்டுப் பிள்ளையை மடியில போட்டுக்கிட்டா அதுலயிருந்து சின்னம்மை பரவும். அப்படி யாரும் இருந்தாலும் இல்லாட்டியும், அங்கன்வாடி டீச்சர்கிட்டயும் கிராம சுகாதார செவிலியர்கிட்டயும் இன்னைக்கே சொல்லிடுங்க. அந்த மையத்துல மாசமா இருக்கிறவங்க சத்துமாவு வாங்க வருவாங்க.